நைனாவின் அறைக் காற்று

சென்ற பொங்கல் விழாவன்று நமது சங்கத்து அன்பர்கள் சிலருடன் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது, வேடிக்கையாக ஒரு கேள்வி கேட்டேன். “உங்கள் வீட்டு ஏ.சி.யின் வடிகட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?” அங்கிருந்த பதினொரு பேரில் இருவரே பதில் சொன்னார்கள். மற்றவர்கள், “அதற்குத்தான் ஆண்டுக்கு ஒருமுறை மெக்கானிக் வருகிறாரே!” என்றார்கள். ஒருவர், “அதில் வடிகட்டி வேறு இருக்கிறதா?” என்று என்னையே திருப்பிக் கேட்டார். அவரைக் கண்டு நான் சிரிக்கவில்லை. அவர் அறியாமல் செய்த பிழையை நான் அறிந்தே செய்தவன். அந்தக் கதையைத்தான் பத்திரிகையில் எழுதும்படி செயலாளர் அவர்கள் வற்புறுத்தினார்கள்.

நான் குப்பம் ரெயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. என் மனைவியின் ஊர் ராமகுப்பம், அவ்வூரிலேயே குடியிருக்கிறோம். நான் பிறந்து வளர்ந்தது தங்கவயலில். அங்கே எங்கள் பாட்டனார் காலத்திலிருந்தே குடும்பம் சுரங்கத்தை நம்பி வாழ்ந்தது. வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து கூட்டங்கூட்டமாகச் சென்று அவ்வூரில் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. என் தந்தையார் சுரங்கத்தின் மேல்தளப் பட்டறையில் ஃபிட்டராக இருந்தார். எங்கள் பக்கத்தில் தந்தையை ‘நைனா’ என்று அழைப்பது வழக்கம். ஆகவே இக்கட்டுரையிலும் அப்படியே குறிப்பிடுகிறேன். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டபோது நைனாவுக்கு நாற்பத்தைந்து வயது. அதன்பின் பல ஆண்டுகள், அவ்வூரார் ஆயிரக்கணக்கானோரைப் போலவே, விடியற்காலை ரெயிலில் பெங்களூர் சென்று வேலை செய்து இரவில் திரும்பினார். நானோ பத்தாம் வகுப்போடு நின்று, ரெயில்வேயில் கலாசியாகச் சேர்ந்து, பிறகு இலாகாத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனேன்.

2022-இல் என் தாயார் காலமானார். தனியே இருந்த நைனாவை ராமகுப்பத்துக்கு அழைத்துவந்தோம். அவருக்கு இளமை முதலே இரைப்பு உண்டு. குளிர்காலத்தில் சற்று மிகும். மற்றபடி தம் வேலைகளைத் தாமே செய்துகொள்வார்.

எங்கள் பகுதி ஆந்திரம், தமிழ்நாடு, கர்நாடகம் என்ற மூன்று மாநிலங்களும் கூடும் மேட்டு நிலம். கடல் மட்டத்துக்கு 2,000 அடிக்கு மேல் உள்ளது. சித்தூர், திருப்பதி வெயிலோடு ஒப்பிட்டால் எங்கள் வெயில் சாதுவானது. என் மாமனார் வாலிபராக இருந்த காலத்தில் சித்திரை மாதத்திலும் திண்ணையில் போர்வையோடு படுப்பார்களாம். இப்போது அப்படி இல்லை. 2024-ஆம் ஆண்டுக் கோடையில் நைனா இரவெல்லாம் புரண்டு புரண்டு படுத்ததைக் கண்டு, தவணை முறையில் ஓர் ஏ.சி. வாங்கி அவருடைய சிறிய அறையில் பொருத்தினோம். பொருத்த வந்தவர், “ஆண்டுக்கு ஒருமுறை சர்வீஸ் செய்தால் போதும், சார்” என்று சொல்லிவிட்டுச் சென்றார். நைனா அந்த வெள்ளைப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, முகப்பு மூடியை விரல் நுனியால் தூக்கிப் பார்க்க முயன்றார். நான் பதறிவிட்டேன்.

“நைனா, அதைத் தொடாதீர்கள். திறந்தால் வாரண்டி போய்விடும்!” என்றேன்.

அவர் கையை எடுத்துக்கொண்டார். முப்பது ஆண்டுகள் இயந்திரங்களோடு பழகிய கை அது.

முதல் கோடை சுகமாகக் கழிந்தது. 2025 மார்ச்சு மாதத்தில் எங்கள் தெருவை அகலப்படுத்தத் தொடங்கினார்கள். சல்லியும் மண்ணும் ஏற்றிய லாரிகள் நாள் முழுதும் போகும். இதற்கு முன்பே எங்கள் பக்கத்தில் தூசிக்குக் குறைவில்லை. ‘குப்பம் பச்சை’ என்ற பெயரில் வெளிநாடுகளுக்குச் செல்லும் கருங்கல்லை வெட்டும் குவாரிகள் சுற்றிலும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வேர்க்கடலை பிடுங்கி உதிர்க்கும்போது செம்மண் புகைபோல் எழும். இவற்றோடு இப்போது தெருவும் சேர்ந்துகொண்டது. நாங்கள் ஜன்னலை மூடி ஏ.சி.யைப் போட்டுவிட்டு, தூசிக்கு நல்ல வழி கண்டோம் என்று நிம்மதியாக இருந்தோம்.

சித்திரை பிறந்தபின் அறை முன்போல் குளிரவில்லை. 24-இல் வைத்திருந்ததை 20-க்குக் குறைத்தோம், பிறகு 18. மின்சாரக் கட்டணம் ஏறியது. ‘கேஸ் குறைந்துவிட்டது’ என்று ஒருவர் வந்து 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏதோ நிரப்பினார். இரண்டு நாள் குளிர்ந்தது போலத் தோன்றியது. பிறகு பழைய கதைதான். நைனாவுக்கோ நள்ளிரவுக்குமேல் இருமல். “பழைய இரைப்புதானே, போகும்” என்பார். ஒருநாள் இரவுப் பணியில் நான் ஸ்டேஷனில் இருந்தபோது, இரண்டு மணி சுமாருக்கு மனைவியிடமிருந்து தொலைபேசி வந்தது. நைனாவால் படுக்க முடியவில்லை, உட்கார்ந்தபடியே மூச்சுக்குத் தவிக்கிறார், பேச்சு எழவில்லை. பக்கத்து வீட்டுப் பட்டுப்புழு வளர்க்கும் அண்ணன் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு குப்பத்துக்கு வந்துவிட்டார். நான் ஸ்டேஷனிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நைனாவின் முகத்தில் கட்டியிருந்த மூடி வழியே மருந்து ஆவி ஏறிக்கொண்டிருந்தது. அந்த நாற்பது நிமிஷங்களை நான் எழுத விரும்பவில்லை.

காலையில் டாக்டரம்மாள் பலவற்றையும் விசாரித்தார். பீடி உண்டா? இல்லை. வீட்டில் விறகு அடுப்பா? இல்லை. இன்ஹேலரை நாள்தோறும் உபயோகிக்கிறாரா? நைனா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு கேட்டார்: “படுக்கும் அறையில் ஏ.சி. உண்டா? வடிகட்டியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள்?”

எனக்குக் காது அடைத்ததுபோல் ஆயிற்று. ஏனென்றால், நான் கலாசியாக இருந்தபோது ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் செய்த வேலையே அதுதான். தொலைதூரம் சென்று திரும்பும் வண்டியைப் பராமரிப்புப் பாதையில் நிறுத்தியதும், குளிர்பதனப் பெட்டிகளின் கூரையில் உள்ள கம்பித் தட்டிகளைத் திறந்து, உள்ளே இருக்கும் காற்று வடிகட்டிகளை இறக்குவோம். கழுவி உலர்ந்தவற்றை மாட்டிவிட்டு, அழுக்கானவற்றை நீர் பீய்ச்சிக் கழுவுவோம். ராஜஸ்தானம் சென்று வந்த வண்டியானால் மஞ்சள் மணலும், வட நாட்டுப் பனிக்காலத்தில் சென்று வந்ததானால் கரும்புகைப் படிவும் வரும். எந்தத் திசையிலிருந்து வந்த வண்டி என்பதை வடிகட்டியைப் பார்த்தே சொல்லக்கூடிய பழைய கலாசி ஒருவர் எங்களோடு இருந்தார். முகம் தெரியாத பிரயாணிகளுக்காக இத்தனையும் செய்தவன், என் தந்தை படுக்கும் அறையில் பதின்மூன்று மாதங்களாக ஒருமுறைகூட மூடியைத் தூக்கிப் பார்க்கவில்லை. தூக்கிப் பார்க்க வந்தவரையும் தடுத்துவிட்டேன்.

வீடு திரும்பியதும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தேன். இரண்டு பக்கமும் பிடித்து மேலே தூக்கினால் மூடி எழும்பி நின்றுவிடுகிறது, திருப்புளிகூட வேண்டாம். வாரண்டிச் சீட்டோடு வந்த புத்தகத்தைப் பிறகு எடுத்துப் படித்தேன். இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழுவும்படி வீட்டுக்காரருக்கே அதில் எழுதியிருந்தது. உள்ளே இரண்டு நைலான் வலைகள். வலை என்று சொல்வதற்கு அப்போது அதில் கண்ணே தெரியவில்லை. செம்பழுப்பு நிறத்தில் கம்பளித் துண்டுபோல் ஒரு படலம் மூடியிருந்தது. கிணற்றடியில் வைத்துக் கழுவினேன். நான்கு வாளி நீர் செம்மண் குழம்பாக ஓடிற்று. நைனா நாற்காலியில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னை ஏசியிருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

நெடுநேரம் கழித்துத்தான் பேசினார். “சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போச்சுப்பா. அந்த ஆழத்தில் பாறையே 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். மேலே குளிர்விக்கும் இயந்திரம் வைத்துக் காற்றைக் கீழே தள்ளினார்கள். பாறையைத் துளைக்கிறபோது நீர் பாய்ச்சுவார்கள், தூசி எழும்பாமல் இருக்க. கீழே போகிறவன் உயிர் அந்தக் காற்றில்தான் இருக்கு. விசிறியின் சத்தம் மாறினால் பட்டறையில் நாங்கள் சாப்பாட்டை விட்டு எழுந்திருப்போம். இந்தப் பெட்டியின் சத்தம் மாசி மாசமே மாறிப்போச்சு.”

“ஏன் நைனா என்னிடம் சொல்லவில்லை?”

“தொடாதே என்றாயே.”

அன்பர்களே, இதன்பின் நான் அறிந்துகொண்டவற்றைச் சொல்கிறேன். சுவரில் மாட்டும் ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர்வித்துத் திரும்ப விடுகிறது. ஆகவே கதவிடுக்கில் நுழைந்த தூசியும், போர்வையின் நூல் துணுக்கும், தலைமுடியும் சுற்றிச் சுற்றி அந்த வலைக்கே வந்து சேரும். வலை அடைபட்டால் காற்று குறையும். உள்ளே இருக்கும் குளிர்க்குழாய்கள் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, சில சமயம் பனிக்கட்டி கட்டும். அறை குளிராது, இயந்திரமோ ஓயாமல் ஓடும். அழுக்கேறிய வடிகட்டியை மாற்றினாலே மின்செலவு நூற்றுக்கு 5 முதல் 15 வரை குறையலாம் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கூறுகிறது. நான் கேஸுக்குக் கொடுத்த 2,500 ரூபாயை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். வலையைக் கழுவியதால் நைனாவின் இரைப்பு தீர்ந்தது என்று நான் கூறவில்லை. டாக்டரம்மாளும் அப்படிச் சொல்லவில்லை. நாள்தோறும் இன்ஹேலர் எடுக்காததே முதற் குற்றம், தூசி அதற்குத் துணை போயிற்று என்பதே அவர் கருத்து. அன்றியும், அந்த நைலான் வலை கண்ணுக்குத் தெரியும் தூசியைத்தான் பிடிக்கும். நம் தலைமயிரின் கனம் சுமார் 70 மைக்ரான் என்றால், நுரையீரலின் ஆழம்வரை செல்லும் நுண்தூசி 2.5 மைக்ரானுக்கும் குறைவு. அது வலைக்கண்ணில் தாராளமாகப் புகுந்து போகும்.

இதைப் படித்தவுடன் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அறைகுறை அறிவினால் வந்த யோசனை. மிக நுண்ணிய தூசியைப் பிடிக்கும் என்று விளம்பரம் செய்திருந்த பஞ்சு போன்ற தாளை வாங்கி, வலையின்மேல் இரண்டு அடுக்காக ஒட்டினேன். மூன்றாம் நாள் இரவு நைனாவின் தலைமாட்டில் மழை பெய்தது! காற்று புக வழியின்றிக் குழாயில் பனிக்கட்டி கட்டி, உருகிச் சொட்டியிருக்கிறது. நைனா எழுந்து வந்து, “தம்பி, இந்த ஊருக்குப் பருவமழை வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது” என்றார். அந்த இயந்திரத்தின் விசிறி அவ்வளவு நெருக்கமான வடிகட்டி வழியே காற்றை இழுக்கும்படி அமைக்கப்பட்டதன்று. நுண்தூசி வேண்டாம் என்றால் அதற்கென்றே தனிக் காற்றுச் சுத்திகரிப்புக் கருவி உண்டு. அதிலுள்ள ‘ஹெப்பா’ வடிகட்டி 0.3 மைக்ரான் துகளிலும் 10,000-க்கு 9,997-ஐப் பிடிக்கவேண்டும் என்பது கணக்கு. ஆனால் அதைப் பெரும்பாலும் கழுவக் கூடாது. கழுவினால் இழைகள் கெட்டுவிடும். தயாரிப்பாளர் சொல்லும் காலத்தில், பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள், புதிதாக மாற்றியே ஆகவேண்டும். டில்லிப் பனிக்காலப் புகையில் வாழும் நம்மவருக்கு அந்தத் தவணையும் நீண்டதே.

கழுவுவதா, மாற்றுவதா என்ற இந்தக் குழப்பம் கடல் கடந்த உறவினருக்கும் இருக்கிறது. என் மைத்துனர் கனடாவில், டொராண்டோ பக்கம் குடியிருக்கிறார். அங்கே வீட்டின் அடித்தளத்தில் ஒரு பெரிய இயந்திரம். அதுவே குளிர்காலத்தில் வெப்பக் காற்றையும் கோடையில் குளிர்காற்றையும் குழாய்கள் வழியே வீடு முழுதும் அனுப்புகிறது. அதன் வடிகட்டி ஓர் அட்டைச் சட்டத்தில் மடிப்பு மடிப்பாக அமைந்தது, கழுவ முடியாது, எறிந்துவிட்டுப் புதிது போடவேண்டும். ஓர் அங்குல கனமுள்ளதை ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் மாற்றுகிறார்கள். நான்கைந்து அங்குல கனமுள்ளது ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை தாங்கும். நாய் பூனை வளர்ப்பவரும் ஆஸ்துமா உள்ளவரும் இன்னும் முன்னதாக மாற்றவேண்டும். நுண்மையை ‘மெர்வ்’ என்ற எண்ணால் குறிக்கிறார்கள். 13 என்றால் நுண்ணிய தூசியையும் பெருமளவு பிடிக்கும், ஆனால் இயந்திரம் அதற்கு ஏற்றதா என்று பார்க்கவேண்டும். என் பனிக்கட்டிக் கதையைக் கேட்டு மைத்துனர் தொலைபேசியிலேயே விழுந்து விழுந்து சிரித்தார். அவரும் குடியேறிய புதிதில் மலிவான இயந்திரத்தில் நெருக்கமான வடிகட்டி போட்டு, பனிக்கால நடுவில் அடுப்பு அணைந்து, குழந்தைகளோடு கோட்டை மாட்டிக்கொண்டு தூங்கினவராம். அவரிடமிருந்து ஒரு நல்ல பழக்கத்தைக் கற்றேன்: மாற்றிய தேதியை அட்டைச் சட்டத்திலேயே பேனாவால் எழுதிவிடுகிறார்.

குவைத்தில் இருக்கும் என் சிறிய தகப்பனார் மகனுக்குத் தேதியெல்லாம் கிடையாது. மணற்காற்று அடித்து ஓய்ந்தால் மறுநாள் காலை வலையைக் கழற்றுகிறான், அவ்வளவுதான். யோசித்துப் பார்த்தால், பக்கத்து வீட்டு அண்ணனும் அப்படியே. பட்டுப்புழு வளர்க்கும் கொட்டகையின் ஜன்னல்களில் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு உள்ளே வெப்பத்தை அடக்குகிறார். சாக்கு எப்போது காய்ந்தது, எப்போது புழுதி ஏறிற்று என்று நாளைக்கு நாலு தடவை தொட்டுப் பார்க்கிறார். அவரிடம் போய், “சாக்கை எத்தனை நாளைக்கு ஒருமுறை அலசுவது, அண்ணா?” என்று கேட்டேன். “புழுவுக்கு நாள் கணக்குத் தெரியுமா?” என்றார்.

நான் குமாஸ்தா. எனக்குப் பதிவேடு இல்லாமல் ஒன்றும் ஓடாது. ஆகவே நைனாவின் அறைக்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். வலையைப் பார்த்த தேதி, கழுவிய தேதி, தூசி எவ்வளவு என்ற மூன்று கலங்கள். ஓராண்டுக் குறிப்பைப் புரட்டினால், தெரு வேலை நடந்த மாதங்களில் எட்டு முதல் பத்து நாளுக்கு ஒருமுறை கழுவியிருக்கிறோம். மழை விழுந்து புழுதி அடங்கியபின் மூன்று வாரமும் தாங்கியது. தெரு வேலை முடிந்தபின் சாதாரணமாகப் பதினைந்து நாள். மார்கழி, தையில் இயந்திரமே ஓடுவதில்லை. ஆனால் பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது மூடாமல் விட்டோம், சுண்ணாம்புப் பொடி முழுதும் வலையில்! சில கம்பெனிக் கருவிகளில் 200 அல்லது 250 மணி நேரம் ஓடியதும் நினைவூட்ட ஒரு விளக்கு எரியும். நல்லதே. எனினும் அந்த விளக்கு மணியை எண்ணுமே தவிரத் தெருவில் போகும் லாரியை எண்ணாது.

கழுவும் முறை பெரிய வித்தையன்று. மின்சாரத்தை நிறுத்துவது, வலையைத் தூசி படிந்த பக்கத்துக்கு எதிர்ப்புறமிருந்து நீர் விட்டு அலசுவது, பிசுக்கிருந்தால் சிறிது சோப்பு நீர், நிழலில் நன்றாக உலர்த்துவது. முதல் தடவை அவசரப்பட்டு வெயிலில் வைத்தேன், சட்டம் சற்று வளைந்துவிட்டது. ஈரத்தோடு மாட்டினால் பூஞ்சை வாடை வரும். இரைப்பு உள்ளவர் தாமே தட்டித் துடைக்காமல் வேறொருவர் செய்வது நல்லது; செய்பவரும் மூக்கில் துணி கட்டிக்கொள்ளட்டும். ஆண்டுக்கொருமுறை மெக்கானிக் வந்து உட்குழாய்களைச் சுத்தம் செய்வதும் வேண்டியதே. ஒன்று செய்தால் மற்றது வேண்டாம் என்பதில்லை.

எங்கள் கூடத்தில் இருப்பது பழைய ஏர்கூலர். அதன் மரச்சீவல் மெத்தையைக் கோடை தொடக்கத்தில் புதிதாக மாற்றிவிடுகிறோம். எங்கள் ஊர் நீரின் உப்பு படிந்து அது பங்குனிக்குள் சுண்ணாம்புப் பலகைபோல் ஆகிவிடுகிறது. தொட்டி நீரை வாரம் ஒருமுறை முழுதும் கொட்டித் தேய்க்கிறோம்; இல்லையேல் டெங்குக் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியவர்களாவோம்.

இப்போது நைனா காலையும் மாலையும் இன்ஹேலரைத் தவறாமல் எடுக்கிறார். அதற்கும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கலம் சேர்த்துவிட்டேன், பேத்திதான் அதிகாரி. அந்த இரவுக்குப்பின் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டி வரவில்லை. இருமல் முற்றிலும் நின்றதென்று சொல்லமுடியாது. வலை முழுக்க நைனாவின் பொறுப்பு. அவர் தேதி பார்ப்பதில்லை. ஞாயிறுதோறும் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு மூடியைத் தூக்கி, வலையை உருவி, ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். எதிரிலுள்ள புளியமரத்தின் இலை வலை வழியே தெரிந்தால் திரும்ப மாட்டிவிடுவார். தெரியாவிட்டால் என் மனைவியிடமோ என்னிடமோ கழுவக் கொடுப்பார்.

போன ஞாயிறு இரவுப் பணி முடிந்து காலையில் வீடு வந்தேன். துளசி மாடத்து நிழலில் இரண்டு வலைகளும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. நீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. மேஜைமேல் நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது. அதில் என் கையெழுத்துக்கு அடியில், பட்டறைக் கணக்கு எழுதிய பழைய கோணல் எழுத்தில், “மரம் தெரியவில்லை. மருமகள் கழுவியது. 12 நாள்” என்று நைனா எழுதியிருந்தார்.